சிவப்பு கவுனில் இருப்பது நான்தான்

1

…மூக்கைப் பார்த்தாவது தெரியவில்லையா பழனியம்மா உனக்கு? ஒரே சந்தில் எதிரெதிர் வீடு நமக்கு. தண்ணீர் பிடித்தது ஒரே குழாயில், சண்டை போட்டதும் அந்தக் குழாயடியில்தான். அப்படி இருந்துவிட்டு, "போட்டோவுல செவப்பு கவுனு போட்டுக்கிட்டு, தலையில ரோசாப்பூவக் குத்திக்கிட்டு, வெள்ளக்காரக் கெழவன் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கறது யாரு?" என்று உன் மருமகளைக் கேட்டாயாமே. அவளும் செல்லை எட்டப் பிடித்துக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லம்மா பெரிம்மா சாடைதானுங்கத்தே. ஆனா அவங்க இல்லியாமா. அவங்கண்ணனே சொல்லிட்டாரு" என்றாளாம்.

நான்தான். கவுனும் நான்தான், ரோஜாப்பூவும் நான்தான். கிழவன் மட்டும் வேறு ஆள்.

நாமகிரிப்பேட்டைப் பண்டிகைக்கு மலர் போடுகிறோம், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்று உன் மகன் எல்லோரையும் கேட்டிருக்கிறான். எனக்குக் கையெழுத்தே வராது, நான் எங்கே எழுத? நான் சொல்லச் சொல்ல என் மகள் கோகிலா எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் அச்சில் நன்றாக இருக்காதாம், புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். நம்பர் போட்டுப் பிரிப்பதும் அவள் யோசனைதான். செய்யட்டும். விஷயத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

"நான்தான்" என்று நான் சொன்னவுடனே அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இது அச்சாகி ஊருக்குப் போயிட்டா மாமன் ஊட்டுக் கதவு உனக்குத் தொறக்காது. தெரியுமில்ல?"

"தெரியும். எழுது."

படிக்கிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பக் கூடாது. நான் கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். வருகிற மாசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்து, அதே சந்திலுள்ள எங்கள் அண்ணன் வீட்டு மேற்குப் பக்க அறையில் மிச்சக் காலத்தைக் கழிப்பதாகப் பேச்சு. அந்தப் போட்டோ வந்த பிறகு அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போட்டோவில் இருப்பது நான் இல்லை என்று நானும் சொல்ல வேண்டும். சொன்னால் அறை உண்டு. இல்லையென்றால் இல்லை.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் என்ன சொல்வேன்? விடிவதற்கு முன்னால் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி யாழினி பள்ளிக்கூட பஸ் ஏறிவிடுவாள். அப்புறம் நான், சுவர், குளிர்பெட்டி. குளிர்பெட்டி அப்போதைக்கப்போது உறுமும். அதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. முதல் வருஷம் நான் அதோடு பேசிக்கொண்டிருந்தேன். "இரு, இரு, கதவச் சாத்தறேன்" என்பேன். இப்போது அதையும் விட்டுவிட்டேன். எங்கே வாய் பேசுவதையே மறந்துவிடுமோ என்று பயந்து, ஊரிலிருக்கிற உங்களையெல்லாம் செல்லில் கூப்பிட்டால், அங்கே நீங்கள் தூங்குகிற நேரமாக இருக்கும்.

கடைக்குப் போவேன் மகளோடு. தேங்காய் வைத்திருப்பான், ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் இருக்காது. அதை எடுத்துக் காதில் வைத்து ஆட்டுகிற என்னை அங்கிருக்கிற பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். கோகிலா, "அம்மா, வெச்சிரு" என்று மெதுவாகச் சொல்வாள். அவளுக்கு வெட்கம். நான் பெற்றதுதான் அது, திருவிழாக் கடையில் ஒவ்வொரு பலூனையும் அமுக்கிப் பார்த்து உடைத்துவிட்டு என்னிடம் அடி வாங்கியது.

யாழினி இங்கேயே பிறந்தவள். பாட்டி என்னைக் கூப்பிட "அம்மாயி" என்கிற ஒரு சொல் வரும். அதையும் ராகம் போட்டு ஒரு மாதிரி இழுப்பாள். "சோறு", "போதும்", "வேண்டாம்" புரியும். மற்றதெல்லாம் கையாலும் கண்ணாலும்தான். நானும் தினம் ஒரு சொல்லாவது சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க" என்று சொல்லச் சொன்னால், அவள் காதில் மாட்டியிருக்கிறதைக் கழற்றி, "வாட்?" என்பாள். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது.

சனிக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு விடிவு. யாழினிக்கு அன்று நாட்டிய வகுப்பு. பாலே என்கிறார்கள், கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுகிற ஆட்டம். பெற்றவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் நான்தான் கூடப் போவேன். பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், இறங்குமிடம் அவளுக்குத்தானே தெரியும். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

மார்கழி பிறந்தால் கிறிஸ்துமஸ் வருகிறது இல்லையா, அப்போது அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய ஆட்டம் போடுவார்கள். குடும்பம் குடும்பமாகக் குழந்தை குட்டியோடு வந்து பார்ப்பார்கள். வருஷா வருஷம் அதே கதைதான். நம் பண்டிகைக்கு அதே கூத்து, அதே ராஜா வேஷம் வருகிற மாதிரிதான் இங்கேயும். ஒரு பெரிய வீட்டில் பண்டிகை விருந்து. உறவுக்காரர்கள் வருகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள், ஆடுகிறார்கள். எல்லோரும் போன பிறகு அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு கனவு காண்கிறாள். கனவில் பனி கொட்டுகிறது, பனியெல்லாம் பெண்களாக மாறி ஆடுகிறது.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு சொல் கிடையாது. சந்தோஷம், கோபம், வா, போ எல்லாம் கையிலும் காலிலும்தான். இந்தத் தேசத்துக்கு வந்த நாளிலிருந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் புரிந்த அளவு எனக்கும் புரிந்த விஷயம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். "உனக்கெப்படிம்மா தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள்.

மெதுவாக வேலையும் கொடுத்தார்கள். மேடையில் கொட்டுகிற பனி காகிதத்துண்டுதான். ஒரு ஒத்திகை முடிந்ததும் அதையே பெருக்கி அள்ளி மறுபடி மேலே கட்டுவார்கள். பெருக்கும்போது பிள்ளைகளின் கொண்டை ஊசியும் அதோடு வந்துவிடும். அப்படியே விட்டால் மேலேயிருந்து ஊசி மழை பெய்யும். அதனால் சலிக்க வேண்டும். நாலைந்து அம்மாக்கள் சல்லடையோடு உட்கார்வார்கள், நடுவில் நான். அவர்கள் பேசுவார்கள், நான் சலிப்பேன். சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பதும் நன்றாகத்தான் இருக்கும் பழனியம்மா, ஒன்றும் குறைந்துபோகாது.

3

அந்த விருந்துக் காட்சியில் வயசானவர்கள் இரண்டு மூன்று பேர் வேண்டும். பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளே வேஷம் போடுவார்கள். நாற்காலியில் உட்கார வேண்டும், ஒரு குழந்தை வந்து பரிசு கொடுத்தால் வாங்கிக்கொண்டு உச்சி முகர வேண்டும், பிறகு எழுந்து ஒரு ஜோடியாக மேடையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வழக்கமாகப் பாட்டி வேஷம் போடுகிற அம்மாள் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். நாட்டிய டீச்சர், ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், வராந்தாவுக்கு வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். விரல் என்னிடம் நின்றது.

உள்ளே கூட்டிப்போய் கவுனைக் காட்டினாள். சிவப்பு வெல்வெட். கழுத்தில் வெள்ளைப் பின்னல். நான் தலையை ஆட்டி, கையை ஆட்டி, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மலரைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் பெட்டியில் வந்தார். கோகிலா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷன் போய்விட்டால் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன்தான் வெள்ளைச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். எங்கள் அண்ணன் கொண்டுவந்தார். என் மேலே போர்த்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளைதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணன் இரண்டு வெள்ளைச் சேலை எடுத்துக்கொடுப்பார். நான் இங்கே வந்த பிறகும் யார் வந்தாலும் கொடுத்துவிடுவார். அது அவர் எனக்குச் செய்கிற சீர். வேறு நிறம் உடுத்தினால் நான் என் புருஷனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாழினி என் பின்னாலேயே ஓடிவந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாயி, ப்ளீஸ்." கண்ணில் தண்ணீர். டீச்சர் கோகிலாவுக்கு போன் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா, ஒரு பத்து நிமிசந்தான். வேசந்தானம்மா அது."

"வெள்ளையிலயே வாரேன்னு சொல்லு."

"கேட்டுட்டேன். மேடையில அது எடுக்காதாம். அம்மா, இங்க யாரும்மா பாக்கறாங்க?"

யார் பார்க்கிறார்கள்! நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு போட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எழுது கோகிலா. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. குற்றமாகவும் படவில்லை. கண்ணாடியில் சுகமாக வாழ்கிற ஒரு பொம்பளை நின்றாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன், வலதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு குட்டிப்பெண் வந்து கொண்டையில் துணி ரோஜாவைக் குத்திவிட்டுப் போனாள். பூ வைத்து எவ்வளவு காலம்! மணமில்லாத பூதான். இருந்தாலும் கை தன்னாலே மேலே போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

ஜோடிக்கு வந்த கிழவர் பெயர் எட். அவ்வளவுதான் பெயரே. கையை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டிய புருஷன் கையையே நான் நாலு பேர் முன்னால் பிடித்ததில்லை. டீச்சர் வந்து என் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வெள்ளைத் துணி உறை போட்டிருந்தார். தோல் படவில்லை, துணிதான் படுகிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அவர் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்து, கியர் போடுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். லாரி டிரைவராம்! நான் அதே மாதிரி ஸ்டியரிங் பிடித்துக் காட்டி, மேலே வானத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. இதைத்தான் ஊரில் கை பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்கிறார்கள்.

ஆட்டத்தன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கைக்குழந்தைகள் அழுகின்றன, பொரி தின்கிறார்கள், ஒரு வாண்டு முதல் வரிசையில் நின்றுகொண்டு மேடையைப் பார்த்துக் கையாட்டுகிறது. விருந்துக் காட்சியில் எனக்குப் பரிசு கொடுக்க வேண்டிய குழந்தை பயந்து அழ ஆரம்பித்துவிட்டது. நான் என்ன செய்ய? நாற்காலியை விட்டு எழுந்துபோய் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன். சபை முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. டீச்சர் திரை மறைவிலிருந்து, அப்படியே இரு, அப்படியே இரு என்று கையைக் காட்டினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எட் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். கால் தப்பவில்லை.

பனி கொட்டியபோது நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். என் கையால் சலித்த பனி. அதற்குள்ளே யாழினி. அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை பழனியம்மா.

முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். யாழினி ஓடிவந்து என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போன பிறகு தன் சினேகிதிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தி, தோளில் கையைப் போட்டு, இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். நடுவில் 'அம்மாயி' என்று ஒரு சொல் கேட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கோகிலாவைப் பார்த்தேன்.

"இது எங்க அம்மாயி, எனக்கே எனக்குன்னு சொல்றாம்மா" என்றாள்.

நான் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

4

போட்டோ எடுத்தது மாப்பிள்ளை. நல்ல மனுஷர். "எங்க அத்தை ஸ்டார் ஆயிட்டாங்க" என்று எழுதி, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். ஒருத்தரும் பதில் போடவில்லை. கை கூப்புகிற பொம்மை கூட வரவில்லை. அப்போதே கோகிலாவுக்கு முகம் மாறிவிட்டது.

மறுநாள் அண்ணன் போன்.

"ஏம்மிணி, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கறனுங்கண்ணா."

"ஒரு போட்டோ வந்துச்சு."

"பாத்தீங்களா? எப்படிங்கண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேனே நான்! சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.  அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மஞ்சள் மண்டியில வெச்சுக் காட்டுனாங்க. கண்ணாடியப் போட்டுப் பாத்தேன். இது எங்க அம்மிணி இல்லீங்க, அங்கத்த பொம்பள யாரோ, இவ சாடையில இருக்கறான்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

"ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது? உனக்கு வெள்ளை போட்டது நானு. இந்தக் கைதான் போட்டுச்சு."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மூத்தவன் பொண்ணு கவிதாளுக்கு மாப்பள பாக்கறமம்மிணி. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் இதை எடுத்துப் பேசுனா நான் எங்க போயி நிக்கறது? உன்னைய வைய்யல. நீ வா. மேக்கால ரூம்புக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறேன், கட்டிலு போட்டாச்சு. வந்தா யாராச்சும் கேப்பாங்க. அது நானில்லைன்னு ஒரு சொல்லு சொல்லிப்போடு. அவ்ளோதான்."

அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். புருஷனை இழந்து நின்றபோது என் பெண்ணைத் தன் வண்டியில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அவள் இன்றைக்கு இந்தத் தேசத்தில் சம்பாதிக்கிறாள் என்றால் அது அவர் போட்ட பாதை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் எனக்காக மண்டியில் நின்று பொய் சொல்லியிருக்கிறார்.

"செரிங்கண்ணா" என்றேன். ஆமாம், முதலில் சரி என்றுதான் சொன்னேன்.

5

ஊருக்கு ஒரேயடியாகப் போவது என்றால் இங்கே ஆபீசில் கேட்க வேண்டும். எனக்கு இங்கே இருக்கலாம் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப காலம் வெளியே இருந்துவிட்டால் அது செல்லாமல் போய்விடும் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், இங்கே எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். பிறகு என்னிடம் நேராக ஒன்று கேட்டாள். கோகிலா எனக்குச் சொல்லவில்லை.

"என்ன கேட்டா?"

"ஒண்ணுமில்லம்மா."

"என்னைப் பாத்துத்தான கேட்டா?"

"அங்க உங்களைப் பாத்துக்க ஆளு இருக்கறாங்களான்னு."

"இருக்கறாங்கன்னு சொல்லு" என்றேன். சொன்னாள். அந்தப் பெண்ணும் ரொம்ப சந்தோஷம் என்றாளாம்.

வெளியே வந்து காரில் ஏறியதும் கோகிலா வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் நான் போவதில் இஷ்டமில்லை. இரு என்று சொல்லவும் வாயில்லை. பகலெல்லாம் நான் குளிர்பெட்டியோடு இருப்பது அவளுக்குத் தெரியாதா?

6

பொங்கலன்று எங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வீடியோவில் கூப்பிட்டார்கள். கோகிலா இதை எதிர்பார்த்தே இருந்திருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் யாழினியை நிறுத்திவைத்து என்னவோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பக் கேட்டது. தப்பு வந்தால் முதலிலிருந்து. நாட்டிய அடி பழகுகிற மாதிரியே அந்தப் பெண் விடாமல் பழகியது. தமிழ் சொல்லிக்கொடுக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். கதவு சாத்தியிருந்ததால் என்ன வாசகம் என்று சரியாகக் கேட்கவில்லை.

வீடியோவில் அண்ணன் முகம் பெரிதாக வந்தது. பின்னால் அண்ணி, மருமகள்கள், அக்கம்பக்கத்து ஜனம் நாலைந்து பேர். நானும் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாழினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொங்கல் பொங்கியதா, மாட்டுக்குக் கொம்பு சீவியாயிற்றா என்றெல்லாம் பேசினோம். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், யாரென்று தெரியவில்லை, "ஏன் சாமி, அன்னிக்கு ஒரு போட்டோ வந்துச்சே, செவப்பு கவுனு, அது யாரு கண்ணு? உங்கம்மாயியா?" என்று கேட்டது. பிள்ளையிடம் கேட்டால் உண்மை வரும் என்று கேட்கிறார்கள்.

போட்டோ, கவுன் என்று காதில் விழுந்ததும் யாழினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது எங்க அம்மாயி இல்லீங்க" என்றாள்.

ஒரு சொல் தடுக்கவில்லை. இழுக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளை பேசுகிற மாதிரி 'ங்க' போட்டு, மரியாதையாக, முழுசாக. அவள் பிறந்ததிலிருந்து முழுசாகப் பேசிய முதல் தமிழ் அதுதான்.

அங்கே ஒரே சந்தோஷம். "அட என்ற சாமி! எத்தன அழகாப் பேசுது பாரு! நல்லம்மா, புள்ளைக்கு நல்லாத் தமிழ் சொல்லிக்குடுத்திருக்கறயே!" என்று எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மானம் பிழைத்தது.

போனை வைத்ததும் யாழினி என் பக்கம் திரும்பி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? அம்மாயி ஊருக்குப் போக இதைச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள், பழகிச் சொன்னாள். நானும் என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். வேறு எந்தப் பாஷையில் நான் அவளுக்குச் சொல்வது?

இதை எழுதும்போது கோகிலா மூக்கை உறிஞ்சுகிறாள். நீ என்ன செய்வாயடி, எனக்காகத்தான் செய்தாய். எழுது.

7

அன்று முழுக்க யோசித்தேன். மேற்குப் பக்க அறைக்கு வந்துவிடலாம். காலையில் எழுந்தால் எதிரே உன் முகம் தெரியும் பழனியம்மா. பேசிப் பேசி வாய் வலிக்கும். ஆனால் யாராவது வந்து கேட்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை சொன்ன வாசகத்தையே நானும் சொல்ல வேண்டும். அவள் சொன்னது ஒரு தடவை. நான் சாகிற வரைக்கும் சொல்ல வேண்டும். அவளோ நாளைக்கு வளர்ந்து ஊருக்கு வந்தால், என்னைப் பார்த்து என்னவென்று நினைப்பாள்? நம் பாட்டியை இல்லை என்று சொல்லித்தான் நம் ஊருக்குள் போக முடியும் போல என்றுதானே?

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அது நாந்தானுங்க."

"எனக்குத் தெரியாதாம்மிணி?"

"ஊருக்கும் சொல்லோணுங்கண்ணா."

"எதுக்கு?"

 "புள்ள பொய் பழகுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அது அங்க இருக்கற புள்ள. அது என்னத்தப் பழகுனா நமக்கென்ன?"

"எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்களே."

 "கவிதா கல்யாணம் ஆகட்டும். பொறகு பாத்துக்கலாம்" என்றார். அவருக்கும் எனக்கும் இருக்கிற வயசில் பொறகு என்பது எது? கவிதாளுக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையவில்லை. போனை அவர்தான் வைத்தார். இந்தப் பொங்கலுக்குச் சேலையும் வரவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கொண்டுவர ஆள் கிடைக்கவில்லையாம்.

சரி, இதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே எதைப் பிடித்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். காலை உடைத்துக்கொண்ட அந்த அம்மாளுக்குக் குணமாகிவிட்டது. அடுத்த வருஷம் பாட்டி வேஷம் அவளுக்குத்தான், அதுதான் நியாயம். யாழினியோ அடுத்த வருஷம் நாட்டியத்துக்கே போகமாட்டாளாம். போர் அடிக்கிறதாம், சினேகிதிகள் எல்லாம் பந்து விளையாடப் போகிறார்களாம். வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் சனிக்கிழமையும் நான், சுவர், குளிர்பெட்டி. ஒரு தடவை ஆடிய ஆட்டத்துக்கு ஊரையும் கொடுத்தாயிற்று, ஆட்டமும் முடிந்துவிட்டது. தப்புக் கணக்கு என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் பல நாள் அப்படித்தான் தோன்றுகிறது. படுத்தால் தூக்கமில்லை.

இருந்தாலும் பழனியம்மா, உன் மகனிடம் சொல்லி அந்தப் போட்டோவையும் மலரில் போடச் சொல். கலரில் போடச் சொல். கறுப்பு வெள்ளையில் போட்டால் கவுன் என்ன நிறம் என்று தெரியாது. கீழே நல்லம்மாள், நாமகிரிப்பேட்டை என்று போடட்டும். கனடா என்று போட வேண்டாம்.

இதோ, பேச்சு வாக்கில் வெளியே பார்க்கவில்லை, பனி கொட்டித் தீர்த்திருக்கிறது. வாசலையும் நடைபாதையையும் தள்ளி உப்புப் போடாவிட்டால் தபால்காரன் வழுக்கி விழுவான், நம் மேல் கேஸ் வரும். கோகிலாவுக்கு இடுப்பு வலி, மாப்பிள்ளை வர இருட்டிவிடும். இனிமேல் எந்தக் குளிர்காலத்திலும் நான் இங்கேதான் என்று தெரிந்துபோனதும், என் உயரத்துக்குத் தோதாக ஒரு சின்ன மண்வெட்டி வாங்கிவந்து மாப்பிள்ளை கதவோரம் சாத்தி வைத்திருக்கிறார். பனி இறுகுவதற்குள் போய்த் தள்ள வேண்டும். எழுதியது போதும் கோகிலா, அந்த உல்லன் குல்லாயை எடு.